கங்கம்மாவின் காலி பெஞ்சு

1955 வாக்கில் கவரைப்பேட்டையில் காலை ரயில் ஏறியவர்களில் கீரைக்காரி கங்கம்மாவுக்கு மட்டும் உட்கார இடம் கிடைக்காமல் போனதே இல்லை. பெண்கள் பெட்டியில் மூச்சுவிட இடமில்லாத நாளிலும் கூடையை இறக்கிவைப்பாள், ரவிக்கையின் நீளக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டுவாள், சாவகாசமாகச் சொறிவாள். வெள்ளை வெள்ளையாய்ச் செதில் உதிரும். அடுத்த நிமிஷம் பெஞ்சு காலி. மகராசி காலை நீட்டிக்கொண்டு கொருக்குப்பேட்டை வரைக்கும் வருவாள்.

கொழுப்பு என்பீர்கள். கொஞ்சம் கொழுப்புதான். ஆனால் அந்த வியாதி தோலோடு நிற்கவில்லை. முட்டிக்குள்ளும் புகுந்துகொண்டு, காலையில் எழுந்து நிற்பதற்குள் உயிர் போய் உயிர் வரும். பட்டணத்து டாக்டரம்மா அதற்கு சொரியாசிஸ் என்று பெயர் சொன்னாள். யாருக்கும் ஒட்டாது, ஆனால் உன்னை விட்டு முழுசாய்ப் போகவும் போகாது என்று தார் களிம்பு கொடுத்து அனுப்பினாள். அதைப் பூசிக்கொண்டு படுத்தால் புதுசாய்ப் போட்ட ரோடு மாதிரி வீடே நாறும்.

ஒட்டாது என்பதை டாக்டரம்மாவையும் கங்கம்மாவையும் தவிர ஒரு ஜீவனும் நம்பவில்லை. புருஷன் பச்சையப்பனே அவளுக்குத் தனித் தட்டு, தனிப் பாய் ஒதுக்கிவிட்டான். சந்தையில் ரவிக்கைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் வியாபாரம். தெரிந்தால் ஒரு கட்டு கீரை போகாது. ஊரெல்லாம் ஒதுக்குகிறதே, ரயிலிலாவது அதற்குக் கூலி வாங்கிக்கொள்வோம் என்பது அவள் கட்சி.

பெஞ்சை இழந்த எவளோ ஒருத்தி புகார் செய்துவிட்டாள். ஒரு நாள் கவரைப்பேட்டையிலேயே டிக்கெட் பரிசோதகர் மூக்கில் கைக்குட்டையோடு பெட்டியில் ஏறிவிட்டார்.

"ஏம்மா, குஷ்டத்த வச்சிக்கினு ரயில்ல வரலாமா? பொன்னேரியில எறங்கிடு. இனிமே இந்த வண்டியில உன்னப் பாக்கக் கூடாது."

கங்கம்மா கூடையை இழுத்து அணைத்துக்கொண்டாள். ரயில் இல்லாவிட்டால் சந்தை இல்லை, சந்தை இல்லாவிட்டால் அடுப்பு எரியாது.

"ஐயே, இது குஷ்டம் இல்ல சாமி! குஷ்டம்னா குத்துனா உறைக்காது. எனக்கு உறைக்கும். டாக்டரம்மா ஊசியால குத்திப் பாத்துதான் சொன்னாங்க. நீயே குத்திப் பாரு!"

பரிசோதகர் பின்னால் நகர்ந்தார். ஊக்கு கொடுக்கப் பெட்டியில் நிறையப் பேர் இருந்தார்கள். குத்தத்தான் ஆள் இல்லை. கங்கம்மாவோ இஞ்சின் டிரைவருக்குக் கேட்கும்படி அலறுவதற்குத் தொண்டையைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தாள்.

மோர் விற்கும் சாராள் எழுந்து வந்தாள். "குடு இப்டி. ஆட்டாதக்கா" என்று கங்கம்மாவின் முழங்கையை வெறுங்கையால் அழுத்திப் பிடித்து, செதிலின் நடுவிலேயே சுருக்கென்று குத்தினாள்.

கங்கம்மா கத்தவில்லை.

சாராளின் ஈரக் கை அவள் தோலின் மேல் விலகாமல் இருந்தது. மனுஷக் கை பட்டு எத்தனை காலமோ! ஊக்கை அவள் மறந்தே போனாள்.

"பாத்தியா, உறைக்கல!" என்று பெட்டியே கூவியது. பரிசோதகர் கூடையைக் காட்டி, எடுத்துக்கொள் என்று சைகை செய்தார்.

"இன்னாக்கா, நோவலியா?" சாராள் பயந்துபோனாள். பிடியை மட்டும் விடவில்லை.

"கத்த மறந்துட்டேன்டி. இன்னொரு வாட்டி குத்து."

இந்த முறை ஆழமாகவே குத்தினாள். ரத்தம் துளிர்த்தது. கங்கம்மா சாராளின் ஏழு தலைமுறையையும் பெயர் சொல்லிக் கூப்பிடாத குறையாக வைத வசவில், பொன்னேரியில் பரிசோதகர் தாமே இறங்கிப் போய்விட்டார்.

குஷ்டம் இல்லை என்று ருசுவான பிறகு யாருக்கு என்ன பயம்? மறுநாள் கங்கம்மா எவ்வளவு சொறிந்தும் ஒருத்தியும் அசையவில்லை. பெஞ்சின் ஓரத்தில் ஒண்டிக்கொள்ளத்தான் இடம் கிடைத்தது. பக்கத்தில் நெருக்கிக்கொண்டிருந்த குண்டு அம்மாள் ஒருத்தி அவள் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கியே போனாள். மடக்கிவைத்த முட்டி விண்விண்ணென்று தெறித்தது.

"எழுப்பட்டாக்கா?" என்றாள் சாராள்.

"எழுப்பாதடி" என்றாள் கங்கம்மா, தோளைக்கூட அசைக்காமல். "கொருக்குப்பேட்ட வரட்டும்."