கால்மாட்டில் கிடந்த தலையணை

சத்தியவேட்டில் ஓர் ஒற்றை அறையில் நானும் சாந்திபுரத்து அக்கா ஒருத்தியும் சேர்ந்து குடியிருந்தோம். இருவருக்கும் ஸ்ரீசிட்டியில் ஒரே தொழிற்சாலை. எனக்குப் பகல் ஷிப்ட், அவளுக்கு நைட். மதியம் மூன்று மணிக்கு நான் திரும்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் அவள் தலையணை கால்மாட்டில் கிடந்தது. அடுத்த வாரம் மறுபடியும்.

"நான் எடுத்து வெக்கலடி. கதவப் பூட்டிக்கினுதானே தூங்கறேன்" என்றாள். இன்னொரு சாவி என்னிடம்தான் இருந்தது.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஜப்பான்காரம்மாவிடம் இதை வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவர்கள் ஊரில் சில வீடுகளில் தலையணையை இடம் மாற்றும் பேய் ஒன்று உண்டாம். தூக்கத்தில் உயிர் உடம்பை விட்டு வெளியே போகுமாம். அப்போது தலையணை மாறிவிட்டால் திரும்பிவர வழி தெரியாதாம். மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன்.

அக்காவிடம் சொல்லவில்லை. ஆனால் தினமும் கதவைத் திறந்ததும் முதலில் தலையணையைத்தான் பார்ப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை திறந்தேன். தலையணை கால்மாட்டில். கூப்பிட்டேன், உலுக்கினேன், அவள் எழவில்லை. நைட்டி வியர்வையில் தொப்பலாக நனைந்து, கை சில்லிட்டிருந்தது.

உதவிக்கு ஓடாமல், தலையணையை எடுத்து அவள் தலைக்குக் கீழே வைத்தேன். "அக்கா, வூடு இங்கதான் கீது. வந்துடுக்கா, வந்துடுக்கா" என்று காதருகே கதறினேன். எத்தனை நிமிடம் என்று தெரியாது. பிறகுதான் வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு, ஆட்டோ பிடித்தோம்.

"ஈமெக்கு ஷுகர் உந்தா?" என்று நர்ஸ் தெலுங்கில் கேட்டாள். அக்காவுக்குச் சர்க்கரை வியாதி இல்லவே இல்லை என்றேன். விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏறிய பிறகு அக்கா கண் திறந்தாள்.

வருடக்கணக்காக இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கிறாளாம். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் தூங்கினால் சர்க்கரை இப்படி இறங்கிவிடுமாம். "மாப்ள வூட்ல தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும்னு யாராண்டயும் சொல்லலடி."

சர்க்கரை இறங்கும்போது தூக்கத்தில் அவளே புரண்டு தலையணையைத் தள்ளியிருப்பாள் என்றார் டாக்டர். "இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா கஷ்டம்மா." பேயை விரட்டுவதாக நான் வீணாக்கிய நிமிடங்கள் அவளைக் கொன்றிருக்கும்.

அன்று மாலை அக்காவே என் போனை வாங்கி, கல்யாணம் பேசியிருந்த பையனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நான் போனருகே காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் சொல்லி முடித்ததும் அவன் கேட்டான்: "இப்ப எதனா துன்னியா?"