காலேஜ் விலக்கு

இந்த ஊரில் காலையில் எதிர்ப்படுகிற எவரும் முதலில் கேட்பது, "இனா கஜியா?" என்றுதான். களைப்பு எப்படியிருக்கிறது என்று பொருள். வந்த புதிதில் நான் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ராத்திரி கொசு, குழாயில் தண்ணீர் வரவில்லை, முதுகு வலிக்கிறது என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஹவுசா மொழியில் ஒப்பிப்பேன். கேட்டவர்கள் திகைத்துப் போனார்கள். ஒருவர் பதறிப்போய் என்னை மருந்துக்கடைக்கே கூட்டிச் சென்றுவிட்டார். எங்கள் கல்லூரியில் தச்சுவேலை கற்பிக்கும் மல்லம் சானிதான் (வாத்தியாரை இங்கே மல்லம் என்பார்கள்) என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். "களைப்பு இல்லை என்று சொல். அதுதான் பதில்." களைப்பு இருந்தால் என்ன சொல்வது என்று கேட்டேன். "இருந்தாலும் அதுதான் பதில்" என்றார்.

இது வடக்கு நைஜீரியா. கடூனாவிலிருந்து அரைநாள் பஸ் பயணம். சுற்றிலும் கம்பும் சோளமும் பருத்தியும் நிலக்கடலையும் விளைகிற பூமி. கண்ணை மூடிக்கொண்டு காற்றை மட்டும் முகர்ந்தால் பனவடலிசத்திரத்துக்கு மேற்கே எங்கள் ஊர்க் காட்டில் நிற்பதுபோல இருக்கும். இங்கே அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் மின்மோட்டார் பற்றிக் கற்பிக்கிறேன். எண்ணெய் விற்ற பணத்தை இந்த அரசு பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கொட்டியது. பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது, சாப்பாடு உண்டு, கைச்செலவுக்கும் கொடுத்தார்கள். கட்டடம் எழும்பிய வேகத்துக்கு வாத்தியார்கள் கிடைக்காததால் எங்களைப் போன்றவர்களை அழைத்துக்கொண்டார்கள். முதல் வருஷம் யூசுஃபு என்ற மாணவன் வகுப்பில் எழுந்து கேட்டான். "மல்லம், உங்கள் படிப்புக்கு யார் செலவு செய்தது?" எங்கள் அரசு என்றேன். "அவர்கள்தான் உங்களை எங்களிடம் அனுப்பினார்களா?" இல்லை, நானாக வந்தேன் என்றேன். அவன் முகம் மாறியது. "அப்படியானால் அவர்கள் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்களே! எங்கள் அப்பா ஒரு மாடு தவறிப்போனால்கூட ஆற்றங்கரை வரைக்கும் போய்த் தேடுவார்." என்னை யாரும் தேடமாட்டார்கள் என்று சொன்னபோது, நான் அடக்கமாகப் பேசுவதாக எண்ணி வகுப்பே சிரித்தது.

அவன் கேட்டது சரியான கேள்வி. என் அப்பா மானாவாரி விவசாயம் பார்க்கிற சம்சாரி. மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் கடன். அவரால் என்னைப் பொறியியல் படிக்க வைத்திருக்க முடியாது. அரசுக் கல்லூரியில் பெயருக்கு ஒரு கட்டணம், அதையும் உதவித்தொகை ஏற்றுக்கொண்டது. விடுதிச் சாப்பாடும் அரசுடையது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வீட்டுவாசலில் குனிந்து தீப்பெட்டி ஒட்டிய பெண்கள் வாங்கிய மண்ணெண்ணெயிலும் சீலையிலும் பிடித்த வரி அதில் இருந்தது. அவர்கள் பிள்ளைகளில் யாரோ ஒருவன் படித்து வந்தால் ஊருக்கு நல்லது நடக்கும் என்ற நம்பிக்கையில் போட்ட முதல் அது. அந்தப் பணம் ஊருக்குத் திரும்பி வரவேண்டும் என்பதில் எனக்கு அன்றைக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

எழுபதுகளின் நடுவில் நான் படித்து முடித்தபோது எங்கள் பக்கத்துக் கிணறுகளுக்கெல்லாம் மின்மோட்டார் வந்துவிட்டது. ஆனால் மோட்டார் எரிந்துபோனால் செப்புக்கம்பியைப் புதிதாகச் சுற்றிக் காயில் கட்ட ஊரில் ஆள் இல்லை. அதைக் கழற்றி, சாக்கில் சுற்றி, பஸ்ஸில் ஏற்றி ராஜபாளையத்துக்குக் கொண்டுபோய்க் காத்துக்கிடக்க வேண்டும். திரும்பி வருவதற்குள் மிளகாய்ச் செடி கருகிவிடும். என் அக்காவின் கணவர் சங்கரன்கோவிலில் வக்கீல். அவரைத்தான் நான் என் வாழ்க்கையில் அதிகமாக நம்பினேன். ஒருநாள் அவர் சொன்னார்: "மாப்ள, நெலம் குடுத்தா கவர்மெண்டு இங்கன ஒரு பாலிடெக்னிக் தாரேங்குது. நீ படிச்சவன், நீ பேசுனா சனம் கேக்கும். வா, ரெண்டு பேருமாப் போவோம்."

போனோம். அவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து ஊர் ஊராகப் போய்ப் பேசினேன். காயில் கட்டத் தெரிந்த பத்துப் பிள்ளைகள் ஊரில் இருந்தால் கிணறு நிற்காது. கிணறு நிற்காவிட்டால் விளைச்சல் நிற்காது. விளைச்சல் இருந்தால் அரவை மில் வரும், பட்டறை வரும், அரசுக்கு வரி திரும்ப வரும் என்று சொன்னேன். படிப்புக்கு அரசு போடுகிற பணம் தர்மம் இல்லை, விதைப்பு என்றேன். அப்பா ரோட்டோரத்து நிலத்தை முதலில் எழுதிக்கொடுத்தார். ஆடு மேய்க்கிற இருளப்பன் அண்ணாச்சிக்கு இருந்ததே ஒரு துண்டு நிலம்தான். கூட்டம் கலைந்தபிறகு அவர் என்னிடம் வந்து, "தம்பி, கவர்மெண்டு காலேஜுதானே? நம்ம பிள்ளைக சும்மா படிக்கலாம்லா?" என்று கேட்டார். ஆமாம் அண்ணாச்சி என்றேன். கொடுத்துவிட்டார். பத்துப் பன்னிரண்டு பேர் கொடுத்த நிலம் கல்லூரிக் கமிட்டியின் பெயரில் பதிவானது. அத்தான் கமிட்டியின் செயலாளர்.

அதன்பிறகு கோப்பு மதராஸில் தூங்கியது. வேறோர் ஊரில் தற்காலிக வேலையில் நான் காத்துக்கிடந்தேன். நிரந்தரமாகும் என்றார்கள், ஆகவில்லை. கடைசியில் நைஜீரியாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நேர்முகத்துக்குப் போய்த் தேர்வானேன். ரயிலேற்றிவிட வந்த அத்தான், "ரெண்டு வருசம் போயிட்டு வா மாப்ள. இங்கன கட்டடம் எழும்புன உடனே தந்தி அடிக்கேன். மொத வாத்தியாரு நீதான்" என்றார். ஜன்னல் வழியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன்.

தந்தி வரவில்லை. ரெண்டு வருஷம் நீண்டுகொண்டே போயிற்று. அதற்குள் இங்கே நான் எங்கள் ஊர்க் கூட்டங்களில் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக என் கண்முன் நடந்தது, எங்கள் ஊரில் அல்ல என்பது மட்டும்தான் வித்தியாசம். முதல் வகுப்பு வெளியேறியதும் சந்தைத் தெருவில் யூசுஃபு ஒரு கடை போட்டான். மோட்டார் காயில் கட்டினான், ஜெனரேட்டர் பழுது பார்த்தான். அவனிடம் வேலை கற்றவர்கள் அடுத்த ஊரில் கடை போட்டார்கள். அதுவரை மாதக்கணக்கில் பூட்டிக்கிடந்த மாவு மில்கள் ஓடத் தொடங்கின. கடலை எண்ணெய் ஆட்டுகிற சின்ன ஆலை ஒன்று வந்தது. பட்டறைக்கும் ஆலைக்கும் அரசு வரி போட்டது. அந்த வரியில் தெருவுக்கு விளக்கு வந்தது. அரசு போட்ட பணம் ஊரைச் சுற்றி வந்து அரசின் கைக்கே சேருவதைப் பார்த்துக்கொண்டே தினமும் கல்லூரிக்கு நடந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தெருவைக் கடக்கும்போதெல்லாம், தன் வீட்டில் போட்ட இலையை விட்டுவிட்டு அடுத்த வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவனைப்போல ஒரு கூச்சமும் இருந்தது.

எண்பதுகளின் நடுவில் ஒரு விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். முன்கூட்டிச் சொல்லவில்லை. சங்கரன்கோவிலில் பஸ் மாறி ஊருக்குப் போய்க்கொண்டிருந்தபோது கண்டக்டர் திடீரென்று, "காலேஜ் விலக்கு! காலேஜ் விலக்கெல்லாம் எறங்குங்க!" என்று கூவினார். பாதை பிரிகிற இடத்தை எங்கள் பக்கம் விலக்கு என்பார்கள்; இந்தப் பெயரில் ஒரு விலக்கு அதுவரை இருந்ததில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜன்னலுக்கு வெளியே எங்கள் நிலம். அதில் நீளமாக ஒரு கட்டடம். பெட்டியோடு குதித்து இறங்கினேன். வந்துவிட்டது, கடைசியில் வந்தேவிட்டது! எனக்குச் சொல்லாமல் திகைக்க வைக்க நினைத்திருக்கிறார்கள் என்று எண்ணி, ரோட்டோரத்தில் தனியாக நின்று சிரித்தேன். உள்ளே கடைசல் எந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. அதன்பிறகுதான் வாசல் வளைவில் எழுதியிருந்ததைப் படித்தேன். அத்தானின் காலஞ்சென்ற தகப்பனார் பெயரில் நினைவுத் தொழில்நுட்பக் கல்லூரி.

வாசலில் இருந்த காவலாளி என் பெட்டியைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "அட்மிசனுக்கா சார்? டொனேசன் வெவரமெல்லாம் ஆபீசுல சொல்லுவாவ."

"இது கவர்மெண்டு காலேஜ் இல்லையா?"

"கவர்மெண்டா?" அவர் சிரித்தார். "தனியாரு சார்."

அப்பா வீட்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தவர், நான் எங்கே இறங்கி நடந்து வந்தேன் என்பது முகத்திலேயே தெரிந்துவிட்டதால் மறுபடியும் உட்கார்ந்துகொண்டார். "ஒனக்குச் சொல்லி என்னலே செய்ய? கடலுக்கு அந்தப் பக்கம் கெடக்க. கெவருமெண்டு தனியாருக்கு அனுமதி குடுத்துட்டாம். கமிட்டிய ட்ரஸ்ட்டுன்னு மாத்திட்டாக. சட்டப்படி எல்லாம் சரியாத்தான் இருக்காம்" என்றார். பிறகு, மெதுவாக, "மருமகன் மேல கேஸ் போடவா முடியும்?" என்றார்.

சாயங்காலம் அத்தான் காரில் வந்தார். அக்காவும் வந்தாள். அவள் என் முகத்தைப் பார்க்காமல் நேரே அடுப்படிக்குப் போய்விட்டாள். அத்தான் என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் கண்ணில் குற்ற உணர்ச்சியே இல்லை; உண்மையான மகிழ்ச்சி இருந்தது. அதுதான் என்னை அதிகம் கலங்கடித்தது.

"நேரத்துக்கு வந்தே மாப்ள! பிரின்ஸிபால் நாக்காலி ஒனக்காகத்தான் காலியாக் கெடக்கு. ஒன் கனவு நடந்துட்டுலா?"

"என் கனவுல டொனேசன் கெடையாதே அத்தான்."

"கவர்மெண்டுக்கு எத்தன வருசம் காத்துக் கெடக்க? தூங்குத ஃபைல எழுப்ப என்னால ஆகல. இது எந்திச்சு நிக்கி பாரு. படிப்பு வந்துட்டுலா? அது போதாதா?"

"யாருக்கு வந்துச்சு? நெலம் குடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்காவது சும்மா எடம் குடுங்க. நான் நாளைக்கே ராஜினாமா எழுதிட்டு வந்திருதேன்."

அவர் மோதிரத்தைத் திருகினார். "ட்ரஸ்ட்ல நான் ஒருத்தன் மட்டுமா இருக்கேன்? மத்தவுக பணம் போட்டிருக்காக. ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாவனும் கேப்பான் மாப்ள."

"எல்லாவனும் கேக்கணும்னுதானே அன்னைக்கு ஊரூரா அலைஞ்சோம்?"

அவர் கை கழுவ எழுந்தார். அக்கா சாப்பாடு எடுத்து வைத்தாள். அத்தான் சாப்பிட்டார். என்னால் முடியவில்லை.

மறுநாள் இருளப்பன் அண்ணாச்சி தன் மகள் பிச்சம்மாளுடன் வந்தார். நிலம் கொடுத்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஐந்து வயதுச் சிறுமியாக எனக்கு நினைவு. இப்போது பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். அவர்கள் வீட்டுக்கு எதிரே கல்லூரி இருந்தது. உள்ளே போக வழியில்லை. வெளியூர் அரசுக் கல்லூரிக்குப் பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப அவருக்கு மனமில்லை. நான் கூட்டிப்போய்ச் சேர்த்துவிடுகிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"தம்பி, நா வக்கீல நம்பிக் குடுக்கல. அவுக யாருன்னே எனக்குத் தெரியாது. நீங்க சொன்னியன்னுதான் குடுத்தேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என்னையும் ஏமாற்றிவிட்டார்கள் அண்ணாச்சி என்று சொல்ல வாயெடுத்தேன். கால்சட்டையும் கைக்கடிகாரமுமாக நின்ற என்னைப் பார்த்து அவர் அதை எப்படி நம்புவார்? அதற்குள் அந்தப் பெண் கேட்டாள். "சார், நீங்க இருக்கிற ஊர்ல பொம்பளப் பிள்ளைகளுக்கும் சும்மாவா சொல்லிக்குடுப்பாக?" ஆமாம் என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டாள். விடுமுறை முடிவதற்குள் அவள் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். நான் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. அத்தானுடன் அதன்பிறகு பேசவும் இல்லை. அக்காவின் உறவை இழந்தது அதன் கூடவே நடந்தது.

இங்கே திரும்பி வந்த சில மாதங்களில் எங்கள் கல்லூரியின் ஆண்டு விழா. எண்ணெய் விலை இறங்கி இங்கேயும் அரசின் கை சுருங்கத் தொடங்கியிருந்தது. பிள்ளைகளின் கைச்செலவுப் பணம் நின்றுவிட்டது, எங்கள் சம்பளமும் தாமதமாக வந்தது. இதுவும் எத்தனை நாளோ என்ற பயம் எல்லோர் முகத்திலும் இருந்தது. அதனாலேயோ என்னவோ விழாவைப் பெரிதாகச் செய்தார்கள். கல்லூரி முதல்வர் ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லி அழைத்தார். "இவரைத் தன் சொந்தச் செலவில் படிக்கவைத்து, நம் பிள்ளைகளுக்காக அன்போடு அனுப்பிவைத்த இவருடைய அரசுக்கு நாம் என்றும் நன்றி சொல்ல வேண்டும்!" கூட்டம் ஆரவாரித்தது. திருத்துவதற்கு எனக்கு மொழி இருந்தது, மனம் இல்லை. ஆடு மேய்க்கிற இருளப்பன் அண்ணாச்சிக்கும், தீப்பெட்டி ஒட்டுகிற பிச்சம்மாளுக்கும் அந்த நன்றி போய்ச் சேரட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர்த்தலைவர் எழுந்து வந்து, பெரியவர்களுக்குப் போடும் நீல நிற அங்கியை எனக்கு அணிவித்தார். இனி நீ எங்கள் ஊர்க்காரன் என்றார். தரையைத் தொடும் அங்கி. அதன் கைகள் அத்தனை அகலம், அத்தனை நீளம். கூட்டத்தைப் பார்த்து எங்கள் ஊர் வழக்கப்படி கும்பிட்டேன். குவித்த கைகள் துணிக்கு வெளியே வரவே இல்லை. இங்கே பெரியவர்களுக்கு மரியாதை செய்வது முஷ்டியை உயர்த்தித்தான். துணிக்குள் நான் உயர்த்தியதையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள் போலும். யூசுஃபுவும் அவன் தோழர்களும் முதலில் எழுந்தார்கள். பிறகு மைதானம் முழுவதும் எழுந்து முஷ்டிகளை உயர்த்தி எனக்குப் பதில் மரியாதை செய்தது. நான் உள்ளே கும்பிட்டபடியே நின்றேன்.