எங்கள் குடத்துத் தீர்த்தத்துக்குக் கிடாய் துளுக்கியது

என் வீட்டுக்காரரை ஊர்க்கூட்டத்தில் நிறுத்திப் பொய்யர் என்றார்கள். போன மாரியம்மன் திருவிழாவில் நடந்தது இது. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

எங்கள் ஊர் பெரியநாயக்கன்பாளையம் பக்கம். மேட்டுப்பாளையத்துப் பவானி ஆற்றிலிருந்து அம்மனுக்குத் தீர்த்தக்குடம் கொண்டுவருவது மாமனார் காலத்திலிருந்து எங்கள் குடும்பத்து மரியாதை. கோயில் கமிட்டித் தலைவருக்கு அதைத் தன் மைத்துனருக்கு வாங்கிக் கொடுக்க ஆசை என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். அவர் சிரித்துப் பேசினாலே எனக்குப் பக்கென்று இருக்கும்.

"ஏனுங்க, வர்ற வழில காரமடைல குழாயடில நின்னீங்களாமா? ஆத்துத் தண்ணியச் சாச்சுப்போட்டு, குழாத்தண்ணியப் புடிச்சுட்டு வந்தீங்களா?" என்று கேட்டார் தலைவர்.

"காலு கழுவத்தானுங்க நின்னேன். கொடம் தோளை உட்டு எறங்கவே இல்லீங்க" என்றார் இவர். கமிட்டியில் ஒருவரும் நம்பவில்லை. சொல்வதற்கென்ன, ஒரு நிமிடம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வெயிலில் தடுக்கிக் கொட்டிவிட்டு என்னிடமும் மறைக்கிறாரோ?

"ஆத்தாளே சொல்லட்டுமுங்க. இந்தத் தீர்த்தத்தையே கெடா மேல உடுவோம். துளுக்கலீன்னா இனிக் கொடம் உங்களுக்கில்லீங்க" என்றார் தலைவர். தண்ணீர் பட்டுக் கிடாய் உடம்பை உதறுவதைத்தான் துளுக்குவது என்போம்; துளுக்கினால்தான் அம்மன் சம்மதித்ததாக எங்கள் பக்கத்து வழக்கம்.

கிடாய் தலைவர் பட்டியிலிருந்து வந்தது. அதுவும் எனக்கு உறுத்தியது. பூசாரி ஊற்றினார். அசையவில்லை. கையைக் குறுக்கிக்கொண்டு ஊற்றுகிறாரோ? மறுபடி ஊற்றினார். கல்லு மாதிரி நின்றது. கூட்டம் முணுமுணுத்தது. இவர் தலை குனிந்துவிட்டார். "ஆத்தா, இவங்க ஒருத்தரையும் நான் நம்பலை. உன்னைத்தான் நம்பறேன். எங்க மானத்தைக் காப்பாத்து" என்று மனசுக்குள் கதறினேன்.

தலைவருக்குப் பொறுக்கவில்லை. "இங்க குடுங்க, நானே உடறேன். அப்பறம் ஒருத்தரும் நொட்டை சொல்லக் கூடாது பாருங்க" என்று குடத்தை வாங்கித் தலையிலிருந்து வால் வரை ஊற்றினார். கிடாய் துளுக்கியது. அவருடைய வெள்ளைச் சட்டை நனைகிற அளவுக்குத் துளுக்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் கையாலேயே இவருக்கு மாலை போட்டார். வேறு வழி?

அன்றிலிருந்து செவ்வாய் தவறாமல் அம்மனுக்கு விளக்குப் போடுகிறேன். தலைவரை இன்னும் நம்பவில்லை. இவரைச் சந்தேகப்படுவதை விட்டுவிட்டேன்.

உங்கள் குடும்பத்தின் மேல் பழி விழுந்தால் அம்மனிடம் முறையிடுங்கள். யார் கையால் தண்ணீரை ஊற்ற வைப்பது என்று மட்டும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.