கூடவே ஒரு லேப்டாப்

கடைத்தெருவில் அவளுக்கு ‘ஸ்க்ரூ அக்கா’ என்றுதான் பெயர். பத்துக்குப் பத்து கடையில், கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பன்னிரண்டு வருடமாகச் செல்போன் பழுதுபார்க்கிறாள். வருகிறவர்களில் பாதிப் பேர் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்பார்கள்.

“அக்கா, இந்த ஆப்ல நாம எழுதறத வேற யாராவது படிக்க முடியுமா?”

“போற வழியில ஒருத்தரும் படிக்க முடியாது. ஆனா போன் அடுத்தவங்க கையில சிக்கிட்டா முடிஞ்சுது. பூட்டு எவ்வளவு பெரிசா இருந்து என்ன, சாவி அதுக்குள்ளயேதானே இருக்கு!”

அவள் கணவர் பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தார். நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனிதர். அவர் திடீரென்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் போனைப் பார்த்து வாய்க்குள்ளேயே சிரிக்க ஆரம்பித்தார். ஒருநாள் அவர் கைகழுவப் போன நேரத்தில் எட்டிப் பார்த்தாள். ‘கணக்கு டீச்சர்’ என்று ஒரு பெயர். அன்றைய காலை வணக்கத்தைத் தவிர உள்ளே ஒன்றுமே இல்லை. செய்திகள் ஒரு நாளில் தானாக அழிந்துவிடும் என்ற அறிவிப்பு மட்டும் இருந்தது.

தன் போனை எடுத்துப் பார்த்தாள். பதினான்கு வருடத்தில் அவளுக்கு அவர் அனுப்பியதெல்லாம் ‘லேட்டாகும்’, ‘பால் இருக்கா’. அவை மட்டும் ஒன்றுவிடாமல் பத்திரமாகக் கிடந்தன. அழிக்கிற அளவுக்கு அவற்றில் என்ன இருக்கிறது?

அடுத்த வாரம் அவரே போனைக் கொண்டுவந்து கொடுத்தார். “பேட்டரி நிக்கவே மாட்டேங்குது. மாத்திடேன்.” கேட்காமலே பூட்டு எண்ணையும் சொன்னார்.

பேட்டரியை மாற்றினாள். கூடவே, அந்த ஆப்பில் அவருக்கிருந்த கணக்கைக் கடை லேப்டாப்போடு இணைத்தாள். ‘புதிய சாதனம் இணைந்தது’ என்று போனில் வந்த எச்சரிக்கையை விரலால் தள்ளிவிட்டாள்.

ஆறு நாள் படித்தாள்.

“நீங்க செஞ்ச பல்லோட இன்னிக்கு முழு வகுப்பும் எடுத்தேன். கழண்டு விழவே இல்ல!”

“விழுந்தாலும் கடைசி பெஞ்சுப் பக்கமா விழுற மாதிரி பார்த்துக்கங்க. அங்க எல்லாரும் தூங்கிட்டிருப்பாங்க.”

அவ்வளவுதான். கொஞ்சல் குழைவு என்று ஒரு வார்த்தை இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பாள். அதுகூட இல்லை. தன் புருஷனுக்கு இவ்வளவு வேடிக்கையாகப் பேசத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியவில்லை; இன்னொருத்திக்குத் தெரிந்திருந்தது. ஐந்தாம் நாள், “எங்க வீட்டுக்காரி கை அப்படி ஒரு நிதானம். எனக்கு வரவே வராது” என்று எழுதியிருந்தார். அந்தப் பாராட்டும் டீச்சருக்குத்தான் போயிருந்தது.

ஏழாம் நாள் காலையில் லேப்டாப்பிலிருந்து எல்லாம் மறைந்துபோனது. மதியம் அவரே வந்து நின்றார். விரலெல்லாம் பல் அச்சு எடுக்கிற வெள்ளை மாவு.

“ஒரு லேப்டாப் இணைஞ்சிருக்குன்னு போன்ல காட்டுச்சு, எடுத்துவிட்டுட்டேன். உன்னோடதுதானே?”

“ஆமா.”

“தப்பா ஏதாவது இருந்துச்சா?”

“இல்ல. அதான் எரியுது. என்கிட்ட ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கீங்களா?”

அவர் யோசித்தார். “ஆரம்பிச்சிருக்கேன். நீ ‘ம்’ போடுவ. கண்ணு மட்டும் ஏதாவது ஒரு போன் மேலயே இருக்கும். நானும் விட்டுட்டேன்.” வாசல் வரை போனவர் திரும்பினார். “ஆனா நீ கேட்டிருக்கலாம். அந்தப் பூட்டு நம்பரைச் சொன்னப்போ நான் யோசிக்கக்கூட இல்ல.”

அவள் லேப்டாப்பை மூடினாள்.

டீச்சரோடு பேசுவதை அவர் நிறுத்தவில்லை. அவளும் நிறுத்தச் சொல்லவில்லை. சில நாள் சாப்பிடும்போது பல் செய்யும் கூடத்தில் நடந்த கூத்தை அவளிடமும் சொன்னார். சிரித்தாள். இதை முதலில் அங்கே சொல்லிவிட்டுத்தான் இங்கே வருகிறாரோ என்ற அரிப்பு சிரிப்போடு சேர்ந்தே வந்தது.

இரண்டு மாதம் கழித்து அவர் போனின் கண்ணாடி உடைந்தது. அன்று மாலை மேஜைமேல் புதுக் கண்ணாடியோடு கிடந்தது. அவள் மாற்றியது அல்ல. எடுத்து ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“எதிர்க்கடையா? சரியா ஒட்டலயே. தண்ணி உள்ள போயிடும்.”

“போனா போகட்டும்,” என்று அவர் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.