தம்பியிடம் சொல்லாத புலி

புற்றுநோய் என்று தெரிந்த பிறகு என் தம்பியை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்பதில் எங்கள் சொந்தபந்தத்துக்குள் வேறு பேச்சே இல்லை. வேளாங்கண்ணிதான். ஒருவர் வேன் பிடிக்கிறேன் என்றார், இன்னொருவர் அறை போடுகிறேன் என்றார். அவன் மட்டும் பிரான்சிலிருந்து போனில் சொன்னான்: "அக்கா, மாதா எங்க இருந்தாலும் என்னப் பாத்துக்குவா. எனக்குப் புலி பாக்கணும். காட்டுல, கூண்டு இல்லாம."

"புலியா? புத்தி கெட்டுப்போச்சாடா உனக்கு?"

"கெட்டுப்போனது புத்தி இல்லக்கா, கல்லீரல்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் எனக்கு ஐந்து வயது இளையவன். பிரெஞ்சுக்காரர்கள் போனபோது அவர்களுடைய குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்ட குடும்பங்கள் எங்கள் புதுச்சேரியில் உண்டு. அப்படி ஒரு வீட்டில் பெண் எடுத்தான். இருபத்தெட்டு வயதில் அவளோடு பிரான்சுக்குப் போனான். சில வருடத்தில் அவனும் பிரெஞ்சுக் குடிமகன் ஆனான். நம் நாட்டில் இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் இந்தியக் குடியுரிமை போய்விட்டது. வம்சாவளிக்காரர்களுக்குக் கொடுக்கும் அட்டையையாவது எடுடா என்று நான் கத்தாத வருடமில்லை. எடுக்கிறேன் எடுக்கிறேன் என்றே காலத்தை ஓட்டினான். மனைவி இறந்து நாலு வருடமாகிறது. ஒரே மகள். முத்தியால்பேட்டை வீட்டில் நான் மட்டும்.

ஆகஸ்டில் பேசினோம். நவம்பரில் இரண்டு மருந்துச் சுற்றுகளுக்கு நடுவே மூன்று வாரம் இடைவெளி கிடைக்கும், அப்போது வருகிறேன் என்றான். அதற்குப் பிறகு வர முடியுமா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மருத்துவர் மகளிடம் சொன்னதை மகள் என்னிடம் சொல்லியிருந்தாள். இதுதான் கடைசிப் பயணம்.

புலி பார்ப்பது என்றால் காட்டோரம் போய் நிற்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். தட்கல் டிக்கெட் எடுப்பதைவிடப் பெரிய பாடு அது. தம்பி சொன்ன நாக்பூர் பக்கத்துப் புலிக் காப்பகத்துக்கு ஏழெட்டு வாசல்கள். உள்காடு வேறு, வெளிக்காடு வேறு. காலையில் ஒரு சவாரி, மாலையில் ஒரு சவாரி. திறந்த ஜிப்சி வண்டியில் ஆறு பேர், கூடவே ஒரு வழிகாட்டி. எல்லாம் இணையத்தில்தான் எடுக்க வேண்டும். பதிவு திறந்த கொஞ்ச நேரத்தில் நல்ல வாசல்களெல்லாம் காலி. முதல் நாள் பணம் கட்டும் இடத்தில் சுற்றிக்கொண்டே நின்றது. இரண்டாம் நாள் ஓடிபி வந்து சேர்வதற்குள் இடம் போய்விட்டது. "நாசமாப் போக" என்று நான் கணினியைத் திட்டியதைக் கேட்டு எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

தம்பி ஆஸ்பத்திரியில் கையில் ஊசியோடு படுத்துக்கொண்டே வீடியோவில் வருவான். "அந்த கேட் வேணாங்கா. இந்தாண்ட கேட்லதான் தாய்ப்புலி ஒண்ணு மூணு குட்டியோட சுத்துதாம்." எந்தக் குளத்துக்கு எது தண்ணி குடிக்க வருகிறது என்பதுவரை படித்து வைத்திருந்தான். "அங்க குளிரும்க்கா, மூணு ஸ்வெட்டர் எடுத்துக்க. உனக்கு இருமல் வந்தா புலி ஓடிப்பூடும்." முப்பது வருடமாக ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் பேசிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். அந்த மூன்று மாதமும் தினமும் பேசினோம். சொன்னால் தப்பாக நினைப்பார்கள். அவனுக்கு நோய் வந்த பிறகுதான் எனக்கு என் தம்பி திரும்பக் கிடைத்தான்.

மூன்றாம் நாள் இரண்டு இடம் சிக்கியது. ஒரே ஒரு காலைச் சவாரி. பெயர், வயது, அடையாள அட்டை எண் என்று நிரப்பிக்கொண்டே வந்தேன். அடுத்த கட்டம்: இந்தியர் அல்லது வெளிநாட்டவர்.

பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைத் தம்பி முன்பே அனுப்பியிருந்தான். "மறக்காம ஃபாரினர்னு போடுக்கா" என்றும் சொல்லியிருந்தான். நானோ அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் மனு வாங்கிப் போட்டவள். கட்டம் மாற்றி நிரப்பியவர்களை "போய் ஒழுங்கா எழுதிக்கினு வாங்க" என்று விரட்டியவள். எனக்குத் தெரியாததா? ஆனால் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் சுர்ரென்று வந்தது. நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் நான் இந்தியர், அவன் வெளிநாட்டவரா? சாகப்போகிற நேரத்தில் அவனை அன்னியன் என்று என் கையால் எழுத வேண்டுமா? மாட்டேன் போ என்று இந்தியர் என்பதை அழுத்தினேன். அட்டை எண்ணுக்கு, பீரோவில் கிடந்த அவனுடைய பழைய வாக்காளர் அட்டையை எடுத்துப் பார்த்து நிரப்பினேன். சட்டப்படி தப்புதான். யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவனிடம் சொல்லவில்லை.

நவம்பரில் வந்தான். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வந்தவனை நான் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விட்டேன். "அக்கா" என்று கூப்பிட்ட பிறகுதான் திரும்பினேன். முடி இல்லை, புருவம்கூட இல்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நாலு நாள் வீட்டில் கஞ்சி குடித்துத் தேறினான். பிறகு சென்னையிலிருந்து நாக்பூருக்கு விமானம், அங்கிருந்து கார். வழியெல்லாம் அவன் வாய் ஓயவே இல்லை.

மறுநாள் விடியற்காலையில் வாசலில் வரிசை. குளிர் எலும்பில் இறங்கியது. முறை வந்ததும் நான் முந்திக்கொண்டு இருவருடைய அட்டைகளையும் நீட்டினேன். சிப்பந்தி அவனுடைய அட்டையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார். இந்தியில் ஏதோ சொன்னார். எங்கள் ஜிப்சி ஓட்டுநர் அதை ஆங்கிலத்தில் சொன்னார்: "அட்டையில் இருப்பவர் இவர் இல்லை என்கிறார்."

அட்டையில் இருந்தது நெற்றியில் முடி விழுந்த, மீசை முறுக்கிய இருபத்தாறு வயதுக்காரன். "இவன்தான் அவன். உடம்பு சரியில்லை, அதான் இப்படி" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கத்தினேன். வேறு அடையாளம் இருந்தால் காட்டச் சொன்னார்கள். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா, என்னைய இந்தியன்னா போட்ட?" என்று மெதுவாகக் கேட்டான். பிறகு பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தான். அதில் பிரான்ஸ் என்று இருந்தது, அனுமதிச் சீட்டில் இந்தியா என்று இருந்தது. அதோடு முடிந்தது.

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. தம்பிக்கு நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். பெயரையும் நாட்டையும் வாசலில் மாற்ற முடியாது, மாலைச் சவாரியிலும் மறுநாள் காலையிலும் இடமில்லை என்றார். மறுநாள் மதியம் எங்களுக்கு விமானம். நான் அவர் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டேன். வாழ்நாளில் நான் யாரையும் அப்படிக் கும்பிட்டதில்லை.

"விடுக்கா, அவரு வேலைய அவரு செய்றாரு" என்றான் தம்பி. "நீ போய்ட்டு வா."

"நான் போவ மாட்டேன்."

"ரெண்டு பேரும் இங்க உக்காந்து டீ குடிச்சா ஆச்சா? போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. நீ சொன்னா எனக்குப் பாத்த மாதிரிதான்."

கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். உள்ளே செல்போன் கூடாது என்பதால் என்னுடையதையும் அவனே வாங்கி வைத்துக்கொண்டான். நான் முன்வரிசையில். பின்னால் புனேயிலிருந்து வந்த ஒரு இளம் தம்பதி, பெரிய கேமராவோடு.

இரண்டு மணி நேரம் காடு காடாகவே இருந்தது. மான், மயில், கருமூஞ்சிக் குரங்கு. நான் மாதாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்: தாயே, புலி வரக்கூடாது. எவ்வளவோ பேர் புலி பார்க்காமல் திரும்புகிறார்களாம், இன்றைக்கு நானும் அப்படித் திரும்பிப் போகிறேன். பிறகு எங்கோ மான் ஒன்று கத்தியது. வழிகாட்டி கையை உயர்த்தினார். வண்டி நின்றது.

மூங்கில் புதரிலிருந்து சாவகாசமாக வந்தது. முழங்கால்வரை சேறு. எங்களைச் சட்டையே செய்யவில்லை. பாதை நடுவில் உட்கார்ந்து முன்காலை நக்கியது. நக்குகிற சத்தம்கூடக் கேட்டது. கொட்டாவி விட்டது. "பாவி, நீ ஏன் வந்த?" என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. அவ்வளவு அழகு. அந்தக் கொஞ்ச நேரம் நான் என் தம்பியை மறந்துபோனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது எழுந்து காட்டுக்குள் போன பிறகுதான் ஓவென்று அழுகை வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

வாசலுக்குத் திரும்பியபோது தம்பி குரங்குக் குல்லாயோடு எழுந்து நின்றான். "பாத்தியா?"

"இல்லடா."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே இல்ல. மான்தான். வெத்துக் காடு. நல்லவேள நீ வரல, அலுத்துப்போயிருக்கும்."

அவனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவன் முகம் விழுந்துவிட்டது. "அப்படியா" என்று உட்கார்ந்தான். அங்கே நிற்க முடியாமல் நான் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன், அழுதேன், மறுபடியும் கழுவினேன். வெளியே வந்தபோது புனே பெண் அவனோடு பேசிக்கொண்டிருந்தாள். "எந்த ஊருன்னு கேக்குறா" என்றான். காரில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான்.

பிரான்சுக்குத் திரும்பிப் போனவன் தவக்காலத்தில் இறந்துவிட்டான். அடக்கத்தை நான் செல்போனில் பார்த்தேன்.

கோடையில் அவன் மகள் வந்தாள், அவனுடைய ஜெபமாலையையும் கைக்கடிகாரத்தையும் என்னிடம் கொடுப்பதற்காக. சாப்பிட்டு முடித்ததும் அவனுடைய போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். பாதை நடுவில் புலி உட்கார்ந்திருந்தது. படத்தின் ஓரத்தில், மங்கலாக, என் நரைத்த கொண்டை.

"அப்பா இத யார் வந்தாலும் காட்டுவாரு அத்த. 'இது புலி, இது எங்க அக்கா'ன்னுவாரு. புலி எப்படி வந்துச்சுன்னு நான் கேட்டா, 'எனக்கு எப்படித் தெரியும், அத்தையக் கேளு, அவதான் பாத்தா'ன்னுவாரு."

படம் என்றைக்கு வந்தது என்று பார்க்கச் சொன்னேன். அன்று காலையே வந்திருந்தது. நான் முகம் கழுவிக்கொண்டிருந்த நேரம், புனே பெண்ணின் கேமராவிலிருந்து.

பிரான்ஸ் திரும்பிய பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்ததும் அவன் போன் செய்வான். பேசி முடிக்கும்போது "அப்புறம், வேற இன்னாக்கா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பான். வஞ்சிரம் விலையைச் சொன்னேன். தெருவில் கால்வாய் அடைத்துக்கொண்டதைச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரி சண்டையைச் சொன்னேன். நாலு மாதம் அவன் எதற்காகக் காத்திருந்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. பொய் சொன்னதற்கு என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்றைக்காவது நானாகவே சொல்வேன் என்று விட்டுவிட்டான்.

"சொல்லுங்க அத்த, எப்படி வந்துச்சு?" என்றாள் அவன் மகள்.

மூங்கில் புதரிலிருந்து வந்ததைச் சொன்னேன். காலில் இருந்த சேற்றைச் சொன்னேன், நக்கிய சத்தத்தைச் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். அவனிடம் சொல்லியிருந்தால் அவன் இன்னும் கேள்வி கேட்டிருப்பான்.