தக்காளிப் பயிற்சி

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன் கோலா தெர்லாவில் காய்கறி லோரிக்கு மூட்டை தூக்கினேன். படுக்கை உரச் சாக்குகளின் மேல். நாற்றம் ஒரு வாரத்தில் பழகிவிடும், குளிர்தான் பழகாது. ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். பள்ளிக்கூடத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த ஒரே ஞானம் சாஃப்ட்பால். பேஸ்பாலின் தங்கை என்று சொல்லலாம். பந்து கொஞ்சம் பெரிது, மட்டையால் அடித்துவிட்டு பேஸ்களைச் சுற்றி ஓடி வர வேண்டும்.

தோட்டத்தில் ஆணும் பெண்ணும் கலந்த குழு ஒன்று இருந்தது. தலைவி, கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா. நாளெல்லாம் கூடை சுமக்கும் முதுகு மட்டையைப் பிடிக்கும்போது மட்டும்தான் நேராக நிற்கிறது என்பாள். அவளுடைய தமக்கையின் கணவர் தானா ராத்தாவில் அரசாங்க ஆபீஸ்காரர். ஆபீஸ் குழுவுக்குப் பந்து எறிபவரும் அவர்தான். ஒரு காதுகுத்து விருந்தில், சாம்பார் ஊற்ற வந்த அக்காவைப் பார்த்து அவர் சொன்னார்:

"கொழுந்து கிள்ற கை இது. மட்டையத் தூக்குனா சுளுக்கிக்கும் லா."

அக்கா வாளியைக் கீழே வைத்தாள். "நம்ம ரெண்டு குழுவும் ஒரு மேட்ச் ஆடிப் பாத்துக்கலாம் மாமா. நான் தோத்தா இனிமே மட்டையத் தொட மாட்டேன். நீங்க தோத்தா ஒரு நாளு கூடைய மாட்டிக்கிட்டு எங்க மலையில கொழுந்து எடுக்கணும்."

பந்தியே சிரித்துவிட்டது. இரண்டு பேருக்கும் பின்வாங்க வழியில்லை.

எங்களிடம் இருந்தது ஒரே பந்து. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பக்கத்தில் இருந்த சமதரையில் ஓங்கி அடித்தால் அது சரிவில் இறங்கித் தேயிலைக்குள் போய்விடும். ஒரு அடி, பிறகு இருட்டும்வரை தேடல். இப்படிப் பயிற்சி எடுத்தால் தேடுவதில்தான் கெட்டிக்காரர்கள் ஆவோம் என்று தோன்றியது. கியா பார்ம் காய்கறிச் சந்தைக் கடைகளில் அழுகிய தக்காளியைக் கூடை கூடையாகக் கொட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும். பழைய லோரி டிரைவரிடம் சொன்னேன். அன்றிலிருந்து தினமும் மாலையில் தக்காளி வந்து இறங்கியது.

அதைப்போல ஒரு பயிற்சியை யாரும் கண்டிருக்க மாட்டார்கள். நான் எறிய எறிய அவர்கள் அடித்தார்கள். பந்து பொறுக்கப் போகும் வேலையே இல்லை. அடி எங்கே பட்டது என்பதை மட்டையே காட்டிக்கொடுக்கும். கைப்பிடிக்குப் பக்கத்தில் சிவப்பு இருந்தால் தப்பு, மட்டையின் தடித்த பாகத்தில் இருந்தால் சரி. சில வாரங்களில் எல்லாருடைய சிவப்பும் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தது. சட்டைகளிலிருந்து மட்டும் அது போகவே இல்லை. லயம் முழுக்க ரசம் கொதிக்கும் வாசனை.

மேட்ச் தானா ராத்தா திடலில். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. ஆபீஸ்காரர்கள் முதலில் ஆடி இரண்டு ஓட்டம் எடுத்தார்கள். பிறகு எங்கள் முறை. முதல் ஆள் மாமாவின் பந்தை அருமையாக அடித்தான். அடித்த கையோடு கண்ணை இறுக மூடி, பின்னால் ஒரு குதி குதித்து, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். அப்புறம்தான் ஓடினான். அதற்குள் பந்து முதல் பேஸுக்குப் போய்விட்டது, அவன் அவுட். அடுத்தவளும் அப்படியே: அடி, குதி, துடை. மூன்றாவது ஆளும் அதே. ஆபீஸ்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். தக்காளிச் சாற்றுக்குப் பயந்து பயந்து உடம்பு கற்ற பாடம் அது. எவ்வளவு கத்தினாலும் மாறவில்லை. ஆட்டம் கடைசிச் சுற்றுக்கு வந்தபோதும் அவர்கள் கணக்கு அதே இரண்டு, எங்கள் கணக்கு பூஜ்யம்தான்.

அக்கா மட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, திடலின் சேற்றை இரண்டு கையாலும் அள்ளித் தன் முகத்தில் அப்பிக்கொண்டாள்.

"எல்லாரும் பூசுங்க. மூஞ்சி ஏற்கெனவே நாறிடுச்சுன்னா அப்புறம் எதைத் தொடைக்கப் போறீங்க?"

பூசினோம். நடுவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். சேறு பூசக் கூடாது என்று எந்த விதியும் அவருக்கு நினைவு வரவில்லை. முதல் ஆள் அடித்தான், கண்ணைத் திறந்தபடியே ஓடினான். அடுத்தவளும் ஓடினாள். இருவரும் பேஸில் நிற்க, அக்கா வந்தாள். மாமாவுக்கு அவள் முகமே தெரிந்திருக்காது, பல் மட்டும்தான். பந்து அவர் தலைக்கு மேலே பறந்து வேலிப் பக்கம் உருண்டது. மூன்று பேரும் பேஸ்களைச் சுற்றி, கிளம்பிய இடமான ஹோமுக்கு வந்து சேர்ந்தார்கள்; மூன்று ஓட்டம், ஜெயித்துவிட்டோம். அக்கா ஹோமைத் தாண்டியும் நிற்கவில்லை. பஸ் நிலையம் வரைக்கும் போய்விடுவாளோ என்று நாங்கள் பின்னால் ஓடினோம்.

மாமா சொன்ன சொல் தவறவில்லை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். அக்கா மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே நடந்தாள். கங்காணி அவர் கூடையை எட்டிப் பார்த்து, இது ஆடு தின்கிற இலை சார் என்று மரியாதையாகச் சொன்னார். அந்தப் பேச்சில் கவனம் போய் மாமா சரிவில் வழுக்கினார். இரண்டு வரிசை கீழே போய் எழுந்தபோது நெற்றியிலிருந்து தாடை வரை சேறு.

அக்கா மேலிருந்து பார்த்தாள்.

"இப்பதான் சரி மாமா. இனிமே நீங்களும் ஓடலாம்."