கை தொடாத வாத்தியமும் நான் காட்டிய சைகையும்

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் சிக்னல்மேனாக இருந்தார். கப்பலின் மேல்தட்டில், சரக்கு இறக்குகிற பெரிய திறப்பின் ஓரத்தில் நின்று கையால் சைகை காட்டுகிற வேலை. அந்தத் திறப்பை ஹேட்ச் என்பார்கள். சரக்கைத் தூக்கி இறக்குகிற வின்ச் மெஷினை ஓட்டுகிறவருக்குக் கீழே கப்பலின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. கீழே நிற்கிற ஆட்களுக்கு மேலேயிருந்து என்ன இறங்குகிறது என்று தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் இவர் கை மட்டும்தான். விரலை உயர்த்திச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் இறக்கு. விரல்களை மடக்கினால் நிறுத்து. முப்பது வருஷத்துக்கு மேல் இதைச் செய்துவிட்டு, காதில் பாதியை அந்த இரைச்சலுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு வயசான காலத்தில் சங்கீதப் பைத்தியம் பிடித்தது. அதுவும் எந்தச் சங்கீதம்! எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிற அவருடைய சிநேகிதர் மாதா கோயில் பாடற்குழுவில் வயலின் வாசிக்கிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர், தன் போனில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார். ஒரு மரப்பெட்டி, அதன் மேல் நட்டுக்குத்தலாக ஒரு கம்பி, பக்கத்தில் வளைந்த ஒரு கம்பி. ஒரு வெள்ளைக்காரப் பெண் எதையும் தொடாமல் காற்றில் கையை அசைக்கிறாள், பெட்டி பாடுகிறது. அவளுக்குப் பின்னால் ஒரு பெரிய கூட்டமே வயலினும் ஊதுகுழலுமாக உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பெட்டிக்குத் தெரமின் என்று பெயராம். மின்சாரத்தில் வாத்தியம் செய்யத் தொடங்கிய முதல் காலத்தில் வந்ததாம். அதற்கென்றே பெரிய பெரிய ஆட்கள் இசை எழுதி வைத்திருக்கிறார்களாம்.

"ஏளா, இங்கன ஓடியா!" என்று இவர் கத்தினார். "இவா சிக்னல்லா குடுக்கா! நம்ம வேலையத்தாம் பாக்கா!"

குசினியிலிருந்து ஈரக்கையோடு வந்து பார்த்தேன். "எழவு வீட்டுல பூனை அழுத மாதிரி இருக்கு. இதுக்கா என்னக் கூப்பிட்டீய?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். என் வாய் அப்படி. தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேரும் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஒரே இடத்தை நாலு தடவை போட்டுக் கேட்பார்கள். "வயலின்ல விரலுக்குப் பிடிக்கத் தந்தி இருக்கு. இவளுக்குப் பிடிக்க என்ன இருக்கு சொல்லு? வெறுங்காத்து! மூச்சு விட்டாச் சுருதி போயிரும்" என்பார் சிநேகிதர். "வலது கை சொரத்துக்கு, இடது கை சத்தத்துக்கு. இடது கையத் தாழ்த்துதா பாரு, அடங்குது பாரு" என்பார் இவர். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் படி இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிற இடம் வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து "அடேயப்பா" என்பார்கள். ரெண்டு கிழங்களுக்கும் மரை கழன்று போச்சு என்று நான் கேலி செய்வேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வேலையை விட்டு வந்ததிலிருந்து இஞ்சி தின்ற குரங்கு மாதிரி இருந்த மனிதர், அந்த ஒரு மணி நேரம் சிரித்த முகமாக இருப்பார்.

அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. மேல் ஸ்தாயிச் சத்தம்தான் காதிலிருந்து முதலில் போகும் என்று டாக்டர் சொன்னார். அப்படியே போனது. காதில் மாட்டுகிற மெஷினை வைத்தால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்று கழற்றி எறிந்தார். கூட்டமாக வாசிப்பது மங்கலாகக் கேட்டது. அந்தப் பெட்டி உயரத்தில் தனியாகப் பாடுவது மட்டும் கேட்கவில்லை. சிநேகிதரும் அப்போது மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போய்விட்டார், வர ஆறேழு மாசம் ஆகும் என்றார்.

"ஏளா, நீ என் எதுக்க உக்காரு. சத்தம் ஏறுனாக் கையத் தூக்கு, எறங்குனா எறக்கு. முடிஞ்சா மடக்கிரு. எனக்கு அது போதும்" என்றார் இவர்.

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தேன். அவர் என் கையைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். அவர் அதிகம் கேட்டது ஒரே ஒரு உருப்படியைத்தான். அதற்கு வீடியோ கிடையாது, சத்தம் மட்டும்தான். அதன் கடைசியில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்துவிடும். தெரமின் மட்டும் தன்னந்தனியாக, இரண்டு நிமிஷத்துக்கும் மேல், மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். எல்லாரும் போன வீட்டில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து அழுவது போல இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போக பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கூட்டம் ஓய்ந்த இடத்திலேயே கையை மடக்கினேன். போனை அணைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாட்டு எழுதுனவன் நல்லா முடிச்சிருக்காம்ளா. போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்த சொல்லாம எழும்பிப் போயிட்டான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அடுத்த வாரமும் அங்கேயே மடக்கினேன். பஸ் எதுவும் இல்லை, அந்த அழுகையைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

சிநேகிதர் ஊரிலிருந்து திரும்பி வந்த வாரம் மூன்று பேருமாக உட்கார்ந்திருந்தோம். இவர் பெரிய ரசிகராக அந்த முடிவைப் புகழ்ந்து தள்ளினார். சட்டென்று நிறுத்துவதில்தான் அதன் பெருமை இருக்கிறதாம். சிநேகிதர் இவர் காதருகே குனிந்து, "இல்லலே, அதுக்குப் பெறவுதான் அது தனியா ஏறும். அதுதாம்லே அதுக்கு உசிரு" என்றார்.

"அதெல்லாம் கெடயாது. வாரா வாரம் கேக்குற எனக்குத் தெரியாதா? ஏளா, நீ சொல்லு!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையை நீட்டி விரல்களை மடக்கிக் காட்டினேன்.

"பாத்தியாலே?" என்றார் இவர். சிநேகிதர் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். "சரி, எனக்குத்தான் மறதி போலுக்கு" என்று எழுந்து போனார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. "வயசாயிட்டுல்லா. அவனுக்கும் காது போச்சு, பாவம்" என்று இவர் வருத்தப்பட்டபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரையே வாயால் அடிக்கிற எனக்கு, நான்தான் பொய் சொன்னேன் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. கோயிலில் சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. பாட்டைப் பாதியில் நிறுத்துவதெல்லாம் ஒரு பாவமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மழைக்காலத்தில் அவருக்கு இருதயம் பலவீனமாகிவிட்டது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். படுத்த படுக்கையிலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த உருப்படியைப் போடச் சொன்னார். போட்டேன். கூட்டம் ஓய்ந்தது. என் விரல்கள் பழக்கத்தில் மடங்கப் போயின. அவர் முகத்தைப் பார்த்தேன். சொன்னதை அப்படியே நம்புகிற அந்த முகத்துக்கு முன்னால் என்னால் முடியவில்லை. கையைத் தூக்கினேன். சத்தம் ஏற ஏறத் தூக்கிக்கொண்டே போனேன். கை தலைக்கு மேலே போய்விட்டது, தோள் கடுத்தது, நான் அழுதுகொண்டிருந்தேன். முதலில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. சத்தம் முழுவதும் அடங்கிய பிறகு கையை மடக்கினேன்.

"இம்புட்டு இருந்துச்சா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "அப்போ அவன் சொன்னது நெசமா?" அதற்கும் தலையாட்டினேன். "அவனக் கூட்டிட்டு வா" என்றார்.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். சிநேகிதர் வாசலில் நின்றிருந்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்குமுன்பே சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்குப்போயி காது போச்சுன்னு சொன்னனலே" என்று விம்மினார். "போலே கிறுக்கா" என்று அவரும் அழுதார். நான் கதவோரத்தில் நின்றேன். பூமி பிளந்து என்னை விழுங்கினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்காரப் போனேன். அவர் தலையை அசைத்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

"வேண்டாம்ளா" என்றார். "ஹேட்ச்ல ஒருதரம் தப்பு சிக்னல் குடுத்தவன மறுபடி அங்கன நிறுத்த மாட்டோம். அவன் உக்காரட்டும்."

சிநேகிதர் தயங்கிக்கொண்டே உட்கார்ந்தார். நான் குசினிக்குள் போய் நின்றேன்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்தான் அவர் இருந்தார். மூன்றிலும் சிநேகிதர்தான் கை காட்டினார். நான் அடுப்படியில் நின்று கடைசிச் சத்தம் அடங்கும் வரை கேட்டேன். மற்றபடி எங்களுக்குள் எதுவும் மாறவில்லை. கஞ்சியை என் கையால் கொடுத்தால்தான் குடித்தார். மத்தியானம் கண்ணயரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினார். பாட்டுக்கு மட்டும் கடைசிவரை அவர் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை.